சீனத்து ‘மா’வும் நம் ‘மா’வும்

கேள்வி: சங்கப் பாடல்களில் ‘மா’ என்றால் குதிரை. சீனத்திலும் ‘மா’ என்றால் குதிரைதானாம். சீனம் தமிழிலிருந்து பிறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: வேண்டும். நிறையவே வேண்டும்.

முதலில், நம் ‘மா’ குதிரைக்கு மட்டும் உரிய சொல் அல்ல. யானையும் மாதான். “மாவும் மாக்களும் ஐயறிவினவே” என்று தொல்காப்பியம் சொல்லும்போது விலங்குகளையே பொதுவாகச் சொல்கிறது.

சீனத்து ‘மா’வோ ஒரே சொல் அல்ல. குரல் உயர்ந்தே நின்றால் அம்மா. தாழ்ந்து எழுந்தால் குதிரை. சட்டென்று இறங்கினால் திட்டுவது. அந்தக் குதிரையும் முன்பு ‘மா’வாக இல்லை. பழஞ்சீனத்தில் அது ‘ம்ரா’ போல ஒலித்தது என்று மொழியறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அதன் உறவான பழைய பர்மியச் சொல் ‘ம்ரங்’. நடுவில் இருந்த ரகரம் தேய்ந்த பிறகுதான் அது நம் சொல்லைப் போல ஆனது. பின்னால் வந்த ஒற்றுமையை வைத்துப் பிறப்பைச் சொல்ல முடியுமா?

உண்மையான உறவு பல சமயம் காதுக்கே எட்டாது. வடமொழியில் ‘மா’ என்றால் ‘வேண்டாம், செய்யாதே’. வால்மீகி வேடனைச் சபித்த ‘மா நிஷாத’ அந்த மாதான். கிரேக்கத்தில் அதுவே ‘மே’. வடமொழியில் பாதியைக் குறிக்கும் ‘சாமி’ அங்கே ‘ஹேமி’. இப்படி ஆகாரமும் ஏகாரமும் சொல்லுக்குச் சொல் ஒழுங்காக மாறி நிற்பதைத்தான் சான்று என்கிறோம்.

சரி, மாமரத்தைச் சொல்லும் நம் ‘மா’வும் எங்குமே போகவில்லையா? போயிருக்கிறது. கன்னடத்தில் ‘மாவு’ என்றால் மாங்கனி, மலையாளத்தில் மாமரம். இது குடும்ப உறவு. மலையாளத்து ‘மாங்ங’ போர்த்துக்கீசியர் வாயில் ‘மங்கா’வாகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’வாக நிற்கிறது. கடல் வணிகத்தோடு போன சொல் இது. எந்த வழியாகப் போனது என்று காட்ட முடிகிறது. பெருமைப்பட வேண்டுமென்றால் இதற்குப் படுங்கள்.

அப்புறம் ஒன்று. நீங்கள் கும்பகோணத்துக்காரர். உங்கள் பக்கத்து வயல்காரரிடம் எவ்வளவு நிலம் என்று கேட்டால் “மூணு மா” என்பார். வேலி என்ற நில அளவில் இருபதில் ஒரு பங்கு ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். அரைமா, காணி என்று அந்தக் கணக்கு முழுவதும் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் முழுதாக வெளியிடுகிறேன்.