நவூரு தீவு: கேள்வியும் விடையும்

பசிபிக் பெருங்கடலிலுள்ள தீவு நாடான நவூருவின் தலைநகரம் யாரென் என்று படித்தேன். சரிதானா?

இல்லை. நவூருவுக்குச் சட்டப்படி தலைநகரமே கிடையாது. நாடாளுமன்றம் யாரென் மாவட்டத்தில் இருப்பதால் பொது அறிவு நூல்கள் அதைத் தலைநகரமாக அச்சிட்டுவிடுகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

வெறும் 21 சதுர கிலோமீட்டரில் மக்கள் எங்கே வாழ்கிறார்கள்?

கடலோரமாகத் தீவைச் சுற்றிவரும் குறுகிய சமவெளியிலும், உட்பகுதியில் புவாடா ஏரியைச் சுற்றியும்தான் ஏறக்குறைய 12,000 பேர் வாழ்கிறார்கள். ஆறு எதுவும் இல்லாததால் குடிநீருக்கு மழையையும் கடல்நீர்ச் சுத்திகரிப்பையும் நம்பியிருக்கிறார்கள். நடுவிலுள்ள மேட்டுநிலத்தில் உரம் தயாரிக்கப் பயன்படும் பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்தபின் ஆள் உயரத்தையும் மிஞ்சும் சுண்ணாம்புப் பாறைக் கூம்புகளே எஞ்சியிருக்கின்றன. அவற்றின் இடையே வீடு கட்டவோ பயிரிடவோ முடியாது.

பாஸ்பேட்டில் கிடைத்த பணத்தை ஊதாரித்தனமாகச் செலவழித்து ஓட்டாண்டியான நாடு என்கிறார்களே?

இந்தக் கதையை நவூரு விடுதலை பெற்ற 1968-இல் தொடங்குவதே தவறு. பாஸ்பேட் வெட்டுதல் 1900-களிலேயே தொடங்கிவிட்டது. 1919-க்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் கூட்டாக ஓர் ஆணையம் அமைத்து, உலகச் சந்தை விலையைவிட மலிவாக அதைத் தங்கள் நாட்டு விவசாயிகளுக்கு வழங்கின. நிலத்துக்கு உரியவர்களுக்குக் கிடைத்ததோ சொற்பமான உரிமைத்தொகைதான். விடுதலையின்போது அந்தத் தொழிலை நவூரு மக்கள் 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. தங்கள் மண்ணில் கிடைத்ததைத் தாங்களே விலை கொடுத்து மீட்ட மக்களை ஊதாரிகள் என்று மட்டும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் 1968-க்குப் பிறகு ஆண்டவர்களுக்குப் பொறுப்பே இல்லையா?

நிச்சயமாக இருக்கிறது. எதிர்காலத்துக்கென்று ஒதுக்கிய அறக்கட்டளை நிதி மோசமான முதலீடுகளிலும் கடன்களிலும் கரைந்தது. மெல்போர்னில் நவூருவுக்குச் சொந்தமாக இருந்த நவூரு மாளிகை என்னும் உயர்ந்த கட்டடமும் 2004-இல் கைவிட்டுப் போனது. ஆனால் நிலச் சேதத்தின் கணக்கு வேறு. விடுதலைக்கு முன் வெட்டிய நிலத்தைச் சீரமைக்கக் கோரி 1989-இல் நவூரு ஆஸ்திரேலியாவின் மீது பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 1992-இல் நீதிமன்றம் அறிவித்தபின், 1993-இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. இழப்பீட்டின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்ட பிரிட்டனும் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவுக்குத் தலா 1.2 கோடி கொடுத்தன. பொறுப்பே இல்லாத அரசுகள் பணம் கொடுக்க முன்வருமா என்பதை, எல்லாம் நவூருவின் ஊதாரித்தனம்தான் என்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அங்கே கட்சிகள் இல்லாமல் ஆட்சி எப்படி நடக்கிறது?

எட்டுத் தொகுதிகளிலிருந்து 19 உறுப்பினர்கள் மூன்றாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்காளர் எல்லா வேட்பாளர்களையும் வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு ஒரு மதிப்பெண், இரண்டாம் இடத்துக்கு அரை, மூன்றாம் இடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிடுகிறார்கள். கட்சிக் கட்டுப்பாடு இல்லாததால் உறுப்பினர்கள் அணி மாறுவதும், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் ஆட்சி கவிழ்வதும் அங்கே பலமுறை நடந்திருக்கின்றன.

விடுதலை நாள் ஏன் ஜனவரி 31?

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் ஏறக்குறைய 1,200 நவூரு மக்களைப் பசிபிக்கில் தங்கள் பிடியிலிருந்த ட்ரக் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். பட்டினியிலும் நோயிலும் குண்டுவீச்சிலும் பலர் மடிய, உயிர் பிழைத்த 737 பேர் 1946 ஜனவரி 31-இல் தாயகம் திரும்பினார்கள். அதே நாளையே 1968-இல், பின்னர் முதல் குடியரசுத் தலைவரான ஹேமர் டிரோபர்ட் தலைமையில் விடுதலைக்குத் தேர்ந்தார்கள்.

இப்போது வருமானம் எதில்?

தன் கடற்பரப்பில் சூரை மீன் பிடிக்க அயல்நாட்டுக் கப்பல்களுக்கு வழங்கும் உரிமத்திலும், புகலிடம் கோருவோரைத் தங்கவைப்பதற்காக ஆஸ்திரேலியா தரும் பணத்திலும்தான். இரண்டுமே பிறர் முடிவைச் சார்ந்தவை.

யாரென் நகரில் தங்கும் விடுதி எது? விசா எப்படி?

யாரென் ஒரு மாவட்டம். முதல் விடையைப் படியுங்கள். விசாவுக்கு அந்நாட்டு அரசைத்தான் கேட்க வேண்டும்.