காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பாடம் மட்டும்தானா, ஆராய்ச்சியும் நடக்கிறதா?

கேள்வி கேட்டவர் கானாடுகாத்தான்காரர். மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடிக்கப் போகிறாளாம். பக்கத்திலிருக்கும் அழகப்பாவில் சேர்ப்பதா, சென்னைக்கு அனுப்புவதா, இங்கே ஆராய்ச்சி என்று ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். நான் அங்கேதான் உயிரித்தொழில்நுட்பத்தில் எம்.எஸ்சி.யும் முனைவர் பட்டமும் முடித்தேன். ஊர்ப்பாசம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்; அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உண்டு. நான் ஐந்து வருடம் புழு வளர்த்தேன்.

சிரிக்காதீர்கள். சீ. எலிகன்ஸ் என்ற உருளைப்புழு அது. ஒரு மில்லிமீட்டர்தான் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு. நுண்ணோக்கியில் வைத்தால் குடலும் முட்டையும் அப்படியே தெரியும். வளர்ந்த புழுவின் உடம்பில் 959 செல்கள் என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள். முட்டையிலிருந்து மூன்றே நாளில் தானும் முட்டையிடும். இரண்டு மூன்று வாரத்தில் ஆயுள் முடிந்துவிடும். கிருமி உள்ளே போனால் உடம்பு எப்படி எதிர்த்து நிற்கிறது என்று பார்க்க இவ்வளவு தோதான பிராணி கிடைப்பது கஷ்டம்.

ஜெல்லி மாதிரி உறைந்த அகார் தட்டில் ஈ.கோலை பாக்டீரியாவை மெல்லிசாகப் பரப்பி வைப்போம், அதுதான் புழுவுக்குச் சாப்பாடு. நோய்க்கிருமி கொடுத்த தட்டுகளை ராத்திரி பகல் பாராமல் எடுத்து எடுத்து எண்ண வேண்டும். அசையாத புழுவை பிளாட்டினம் கம்பியின் நுனியால் தொட்டுப் பார்ப்போம். நெளிந்தால் உயிரோடு இருக்கிறது. நெளியாவிட்டால் நோட்டில் ஒரு கோடு. விடியற்காலை வீட்டுக்குப் போனால் அப்பத்தா கேட்கும்: "புழு செத்துச்சா பொழைச்சுச்சான்னு பாக்கவாடி மாசம் இருபத்தஞ்சாயிரம் குடுக்குறாக?" நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு அப்போது அந்தத் தொகை. இப்போது 37,000.

புழுவுக்கு இருபது டிகிரி வேண்டும். ஒரு மே மாதம் தட்டுகளை மேசையிலேயே மறந்துவிட்டு கொப்புடையம்மன் தேர் பார்க்கப் போய்விட்டேன். காரைக்குடி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் எண்ணுவதற்கு எதுவும் மிச்சமில்லை. மூன்று வார வேலை!

எங்கள் துறையிலேயே இன்னொரு பக்கம் பயோஃபிலிம் வேலை. பாக்டீரியாக்கள் கும்பலாகச் சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டால் மருந்து சுலபத்தில் உள்ளே போகாது. ஆனால் அந்தப் படலம் கட்டுவதற்கு முன் அவை ஒன்றுக்கொன்று ரசாயன சமிக்ஞை அனுப்பிக்கொள்கின்றன. கிருமியைக் கொல்லாமல் அந்தப் பேச்சை மட்டும் கெடுத்துவிட்டால்? கொன்றால்தானே தப்பிப் பிழைத்தவை எதிர்ப்புச் சக்தியோடு பெருகும். அதற்கான பொருளைக் கடலில் வாழும் நுண்ணுயிரிகளிடம்கூடத் தேடினார்கள்.

மற்ற துறைகளை வரிசையாகச் சொல்லப் போவதில்லை. தமிழ், கணிதம், இயற்பியல், தொழில் வேதியியல், வங்கி மேலாண்மை, உடற்கல்வி, சிறப்புக் கல்வி, மகளிரியல் என்று நீளும். கடலியல் துறை மட்டும் கடலோரம் தொண்டியில் இருக்கிறது. உங்கள் மகளின் படிப்புக்கு விலங்கு நலம், மேலாண்மை என்று தனித் துறையே உண்டு. மருத்துவம் கிடையாது.

ஊரில் எல்லோரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று: அழகப்பா என்ற பெயரிருந்தால் எல்லாம் இந்தப் பல்கலைக்கழகம் அல்ல. 1947இல் தொடங்கிய கலைக் கல்லூரியும் 1952இல் வந்த பொறியியல் கல்லூரியும் இப்போது அரசுக் கல்லூரிகள். கிண்டியில் இருக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் வந்தது 1985இல்தான். விண்ணப்பம் போடும்போது முகவரியைப் பார்த்துப் போடுங்கள்.

அப்புறம் சிக்ரி. அதுவும் பல்கலைக்கழகம் இல்லை, மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகம். கோட்டையூர்க்காரரான அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் இந்த வானம் பார்த்த பூமிக்கு அது வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் திறந்தார்கள். பேட்டரி, இரும்புத் துரு இரண்டும் அவர்களுடைய பெரிய வேலைகள். உப்புக் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகமும் சிக்ரியும் ஒரே ஊரில் இருப்பது மாணவர்களுக்கு எவ்வளவு லாபம் என்பது வெளியூர் போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

சரி, சென்னையா காரைக்குடியா? மகளுக்குக் காட்டுயிர்களில் ஆசை என்றால் இரண்டும் வேண்டாம், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியை விசாரியுங்கள். கிருமி, செல், மரபணு என்றால் இங்கேயே சேர்க்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். ஆராய்ச்சி என்பது ஒரு வழிகாட்டியும் அவருடைய ஆய்வகமும்தான். ஒரே கட்டடத்தில் ஒரு கதவு ராத்திரி பத்து மணிக்கும் திறந்திருக்கும், இன்னொன்று நாலு மணிக்கே பூட்டிவிடும். எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் இதுதான் கதை.

மகளையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் சாயங்காலம் நேரில் போய் அங்கிருக்கும் ஆய்வு மாணவர்களிடம் பேசவிடுங்கள். பேராசிரியரிடம் முன்னாடியே கேட்டுக்கொண்டு போனால் புழுவையும் நுண்ணோக்கியில் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள்.