ரத்தக்கசிவுக்குப் பின் பேச்சு வரவில்லை: இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பி.பி. எகிறி, மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இரண்டு மாதம் ஆகிறது. நாங்கள் பேசுவது பெரும்பாலும் புரிகிறது. ஆனால் 'ஆமா', 'வேணாம்' தவிர எதுவும் வாயில் வரவில்லை. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. எடுத்தால் பேச்சு திரும்புமா என்று தெரிந்துவிடும் என்கிறார் ஒரு ஸ்கேன் சென்டருக்கு ஆள் பிடிப்பவர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணம் பேச்சுப் பயிற்சிக்குப் போகட்டும்.

முதல் நாள் எடுத்த சி.டி. அவசியமானது. கசிவா, அடைப்பா என்று அதுதான் பிரித்துச் சொன்னது. ஆனால் பேச்சு எவ்வளவு திரும்பும் என்று எந்தப் படமும் ஒருவருக்கு உறுதியாகச் சொல்லாது. கசிந்த ரத்தம் கரையக் கரைய, அதுவரை அழுத்தத்தில் இருந்த பகுதி மெல்ல வேலைக்குத் திரும்பலாம். ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் மூளைக்கட்டி அறுவைச் சிகிச்சைக்கு முன்பு பயன்படுவது. பழைய ரத்தக்கறை அந்தப் படத்தையே கெடுத்துவிடும்.

நோயாளியை அனுப்பிவைக்கக் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002-லேயே மருத்துவர்களுக்கு விதி வந்துவிட்டது. ஆனாலும் வார்டு வாசலில் புரோக்கர்கள் நிற்கத்தான் செய்கிறார்கள். 'இந்த சென்டரில்தான் எடுக்கணும்' என்று யார் சொன்னாலும், 'ரிப்போர்ட் வந்தால் சிகிச்சையில் என்ன மாறும்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மறு ஸ்கேனை நானே வற்புறுத்துவேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் கசிவு எந்த இடம் என்று பாருங்கள். 'பேசல் கேங்லியா' (மூளையின் ஆழமான பகுதி) என்று இருந்து, பி.பி.யும் இருந்தால், காரணம் பெரும்பாலும் பி.பி.தான். 'லோபார்' (மூளையின் மேற்பரப்பை ஒட்டிய பகுதி) என்று இருந்தாலோ, நோயாளி இளவயதுக்காரராக இருந்தாலோ, பி.பி.யே இல்லாதவராக இருந்தாலோ கதை வேறு. ரத்தக்குழாய்ப் பின்னலோ கட்டியோ உள்ளே இருந்திருக்கலாம். முதல் நாள் உறைந்த ரத்தம் அதை மறைத்துவிடலாம். மூளை ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் எடுத்தார்களா, ரத்தம் கரைந்த பிறகு எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். முதியவர்களுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் அமிலாய்ட் என்ற புரதம் படிந்தும் கசியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தரலாமா என்பதே அதைப் பொறுத்துத்தான் முடிவாகும். இதெல்லாம் மறுபடி கசியாமல் தடுக்க. பேச்சு வருமா என்று பார்க்க அல்ல.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் 'ஸ்பீச் தெரபி' என்று எழுதிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். எங்கே, யாரிடம், வாரத்துக்கு எத்தனை முறை என்று யாரும் சொல்வதில்லை. பேச்சு வேகமாக மீளும் முதல் சில மாதங்கள் அலைச்சலிலேயே போய்விடுகின்றன. இரண்டு மாதம் போனதால் காலம் கடந்துவிடவில்லை, இந்த வாரமே தொடங்குங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற தெரபிஸ்ட்தானா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

நாக்கில் வசம்பு தேய்க்காதீர்கள். கோளாறு நாக்கில் இல்லை. விழுங்குவதில் சிரமம் இருந்தால் புரையேறும் ஆபத்தும் உண்டு. எழுதிக் காட்டச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள், எழுத்தும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருக்கும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி, பதிலுக்குக் காத்திருங்கள். ஒன்று, இரண்டு எண்ணுவதும் பழகிய பாட்டும் சில சமயம் தானாக வரும். தெரபிஸ்ட் அங்கிருந்தே தொடங்கலாம்.

தேறிக்கொண்டிருந்த பேச்சு திடீரென்று குறைந்தாலோ, கடும் தலைவலி, வலிப்பு, மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். அப்போது சி.டி. உடனே எடுத்தாக வேண்டும்.