17 நாடுகளும் ஒரு பெயரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் மனைவியும் ஓய்வு பெற்று எட்டு வருடங்கள் ஆகின்றன. இதுவரை 17 நாடுகளைப் பார்த்துவிட்டோம். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார்கள். பழைய நண்பர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். தினமும் செய்தியில் ஏதாவது ஒரு போர், பார்த்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. உலக அமைதிக்கு எங்கள் வயதில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? எங்கள் பயணக் குறிப்புகளை இணைத்திருக்கிறேன். முடிந்தால் படியுங்கள்.

அன்புள்ள நண்பருக்கும் அவர் மனைவிக்கும்,

40 பக்கங்களையும் படித்தேன். எந்தக் கோட்டையை யார் கட்டினார், எந்த அருவி எத்தனை அடி, எல்லாம் இருக்கிறது. நீங்கள் சந்தித்த ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை.

பிள்ளைகள் வாரம் தவறாமல் பேசுகிறார்கள் என்றால் சந்தோஷப்படுங்கள். அதற்கு மேல் அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. 31ஆம் பக்கத்துக்கு வருகிறேன். ‘கடைசி ரயிலைத் தவறவிட்டோம். ஸ்டேஷனில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். காலையில் கிளம்பினோம்.’ மூன்றே வரி. அடுத்து வரும் அரண்மனைக்கு இரண்டரைப் பக்கம்! படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரி நேரத்தில், பாஷை தெரியாத இரண்டு பேருக்குக் கதவைத் திறந்துவிட்ட ஒருத்திக்கு உங்களிடம் இருந்தது அவ்வளவுதானா?

1961இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அணுகுண்டை எதிர்த்துச் சிறைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 89. அந்தச் செய்தியைப் படித்த சதீஷ் குமார், ஈ.பி. மேனன் என்ற இரண்டு இளைஞர்கள் மறு வருடம் டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து நடக்க ஆரம்பித்தார்கள். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன். அணு ஆயுதம் வைத்திருந்த நான்கு நாடுகளின் தலைநகரங்கள். கடலைக் கப்பலில் கடந்தார்கள், மற்றபடி பெரும்பாலும் நடைதான். கிளம்பும் முன் காந்தியின் சீடரான வினோபா பாவே அவர்களிடம் சொன்ன யோசனை, கையில் காசில்லாமல் போங்கள் என்பது. காசு இருந்தால் விடுதியில் சாப்பிட்டு விடுதியிலேயே தூங்கிவிடுவீர்கள். இல்லாவிட்டால் தினமும் யார் வீட்டுக் கதவையாவது தட்டியாக வேண்டும். பாகிஸ்தான் எல்லையில் ஒரு தோழி சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்தபோது சதீஷ் குமார் வாங்கவில்லை. அது சாப்பாட்டுப் பொட்டலமாக அவருக்குத் தெரியவில்லை, அவநம்பிக்கைப் பொட்டலமாகத் தெரிந்தது.

உங்களை நடந்து போகச் சொல்லவில்லை, முழங்கால் வலி எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் போன 17 நாடுகளுக்கும் பொட்டலத்தோடுதான் போயிருக்கிறீர்கள். அறை, வண்டி, வழிகாட்டி எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு. யாருடைய தயவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அந்த ஒரு ராத்திரி மட்டும்.

இவ்வளவு கடுமையாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2013இல் நானும் மனைவியும் உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டில் மூன்று நாள் தங்கினோம். அவர் இருந்தது நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியேறும்போது என் மனைவியின் செருப்பு வார் அறுந்துவிட்டது. நாங்கள் புதிது வாங்கிக்கொள்வோம் என்று சைகையில் சொன்னோம். அவர் கேட்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் செருப்பை மடியில் வைத்து, தடித்த ஊசியால் தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, குனிந்து தன் கையாலேயே மாட்டிவிட்டார். கிளம்பும்போது விலாசம் எழுதிக் கொடுத்தார். ஊர் திரும்பியதும் கடிதம் போட வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்றே ஒன்பது வருடம் போய்விட்டது.

2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியது. கார்கிவில் குண்டு விழுவதைச் செய்தியில் காட்டினார்கள். என் மனைவி டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உடைந்த கட்டடம் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தாள். “அந்த மாடிப்படி மாதிரியே இருக்கே” என்றாள். நான் அலமாரி முழுவதும் தேடினேன். அந்தக் காகிதம் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். யாரை நினைத்து? ஒரு முகமாவது தெரிகிறதா? உங்கள் மனைவியைக் கேளுங்கள், அவருக்கு அந்த ஸ்டேஷன் ராத்திரி உங்களைவிட நன்றாக ஞாபகம் இருக்கும் என்று தோன்றுகிறது. எங்கே படுக்க வைத்தார், என்ன போர்த்திவிட்டார், வீட்டில் வேறு யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். அரண்மனையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதைப் போடுங்கள்.

ரயில் நிலையத்தின் பெயர் உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. அந்த ஸ்டேஷன் விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். அங்கே யாருக்காவது அவரைத் தெரிந்திருக்கும். பதில் வந்தால் அவர் பெயர் என்னவென்று எனக்கும் எழுதுங்கள்.