பதினொரு படங்களுக்கு ஒரே பரிசு: 1946 கேன்ஸ் விழா பற்றிய கேள்வி பதில்

முதலாம் கேன்ஸ் திரைப்பட விழாவைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

‘தங்கப் பனை விருது வாங்கிய ஒரே இந்தியப் படம் நீச்சா நகர்’ என்று ஒவ்வொரு மே மாதமும் செய்தி வருகிறது. எங்கள் பேராசிரியர் அது தவறு என்கிறார். எதை நம்புவது? – கல்லூரி மாணவி, திருச்சி

பேராசிரியரை நம்புங்கள். 1946இல் தங்கப் பனை என்ற விருதே கிடையாது; அது வந்தது 1955இல். 1946இல் விழாவின் உச்சப் பரிசுக்குப் பெயர் ‘கிராண்ட் பிரி’. வென்றவர்களுக்கு அன்றைய ஓவியர், சிற்பிகளின் படைப்பு ஒன்றைக் கொடுத்தார்கள்.

குழப்பம் இதோடு முடியவில்லை. கிராண்ட் பிரி இன்றும் உண்டு, ஆனால் இப்போது அது இரண்டாம் பரிசு. 2024இல் பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமாஜின் அஸ் லைட்’ வாங்கியது இந்த இரண்டாம் பரிசைத்தான். ஆகவே சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ கேன்ஸின் உச்சப் பரிசு பெற்ற ஒரே இந்தியப் படம் என்பது சரி. தங்கப் பனை பெற்றது என்பது தவறு. அது தனியாகவும் பெறவில்லை. இன்னும் பத்துப் படங்கள் அதே பரிசைப் பெற்றன. செய்தி எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை எப்போதும் மறந்துவிடுவார்கள்.

பதினொரு படத்துக்கு முதல் பரிசா? பள்ளி ஆண்டு விழாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சோப்பு டப்பா கொடுப்பார்களே, அதைப்போலத்தானே? – கோவை

சோப்பு டப்பாவை ரசித்தேன். பாதி உண்மையும் அதில் இருக்கிறது. பட்டியலைப் பாருங்கள்: பிரிட்டனுக்கு ‘பிரீஃப் என்கவுன்டர்’, அமெரிக்காவுக்கு ‘தி லாஸ்ட் வீக்கெண்ட்’, இத்தாலிக்கு ரோசலினியின் ‘ரோம், திறந்த நகரம்’, பிரான்சுக்கு ‘லா சிம்ஃபொனி பாஸ்டரால்’, மெக்சிகோவுக்கு ‘மரியா காந்தெலாரியா’, சோவியத்துக்கு ஸ்டாலின்கிராட் போரைச் சொல்லும் ‘மாபெரும் திருப்பம்’. சுவீடன், டென்மார்க், சுவிட்சர்லாந்து, செக்கோஸ்லோவாக்கியா, இந்தியா ஆகிய நாடுகளுக்கும் ஒவ்வொன்று. பதினொரு பரிசு, பதினொரு நாடு. எந்த நாட்டுக்கும் இரண்டு இல்லை. இது தற்செயலாக அமைகிற கணக்கா?

இதன் விலையை ரெனே கிளெமான் கொடுத்தார். ரயில்வே தொழிலாளர்கள் ஜெர்மானியரை எதிர்த்த கதையைச் சொல்லும் அவருடைய ‘ரயில் போர்’, பிரான்ஸ் அனுப்பிய படங்களில் என் கணக்கில் உயர்ந்தது. அதற்குச் சர்வதேச நடுவர் பரிசும் சிறந்த இயக்குநர் பரிசும் கிடைத்தன, கிராண்ட் பிரி கிடைக்கவில்லை. பிரான்சின் பங்கு வேறு படத்துக்குப் போயிருந்தது.

இருந்தாலும் உங்கள் உவமையில் ஓர் ஓட்டை உண்டு. டப்பா எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கவில்லை. நடுவர் குழுவில் 18 பேர், நாட்டுக்கு ஒருவர். எகிப்து தன் பெரிய நடிகர் யூசுஃப் வஹ்பியையே நடுவராக அனுப்பியது. போர்ச்சுகலுக்கும் ஒருவர் இருந்தார். இரண்டு நாடுகளும் கிராண்ட் பிரி இல்லாமல் திரும்பின. இந்தியாவுக்கோ நடுவர் குழுவில் ஆளே கிடையாது. பேசுவதற்கு ஒருவரும் இல்லாத நாட்டின் படம் பட்டியலில் ஏறியது. ‘நீச்சா நகர்’ வாங்கிய பரிசை ஊதிப் பெரிதாக்குகிறவர்களிடம் எனக்குச் சலிப்பு உண்டு. அதைக் கருணையாகக் கொடுத்த பரிசு என்று தள்ளுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுவேன்.

கேன்ஸா, கானா? – ஈரோடு

பிரெஞ்சு உச்சரிப்பு ‘கான்’. தமிழ்ப் பத்திரிகைகளில் கேன்ஸ் என்று ஊன்றிவிட்டது. நான் பிடுங்கப் போவதில்லை.

விழா 1939இலேயே தொடங்கியது என்றும் படித்தேன். அப்படியானால் 1946 எப்படி முதல் விழா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

கதை வெனிஸில் தொடங்குகிறது ஐயா. 1938 வெனிஸ் விழாவில் முசோலினியின் பெயரிலான கோப்பை, ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்கைப் படமாக்கிய ‘ஒலிம்பியா’வுக்கும் ஓர் இத்தாலிய விமானிப் படத்துக்கும் போனது. பிரான்சின் பிரதிநிதியாகப் போயிருந்த ஃபிலிப் எர்லாஞ்சே திரும்பியதும், நமக்கென்று ஒரு சுதந்திர விழா வேண்டும் என்ற யோசனையைக் கிளப்பினார். கல்வி அமைச்சர் ழான் ஸே அதை முன்னெடுத்தார். 1939 செப்டம்பர் 1ஆம் தேதி திறப்பு, சினிமாவைப் பிறப்பித்த லூயி லூமியேர் தலைவர் என்று எல்லாம் முடிவாகிவிட்டது. ஹாலிவுட் நட்சத்திரங்களும் வந்து இறங்கிவிட்டார்கள். ‘நோத்ர தாம் கூனன்’ படத்துக்கு விளம்பரமாகக் கடற்கரையில் அந்தத் தேவாலயத்தை அட்டையில் கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

அதே செப்டம்பர் 1ஆம் தேதி ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. 3ஆம் தேதி பிரான்ஸ் போரில் இறங்கியது. அந்த ஒரு படத்தைத் தனிக்காட்சியாகப் பார்த்ததோடு விழா கலைந்தது. பிறகு அது கூடியது 1946 செப்டம்பர் 20 அன்று; அக்டோபர் 5 வரை நடந்தது. ழான் ஸே அதைப் பார்க்கவில்லை. 1944 ஜூனில், ஜெர்மானியருக்குத் துணைநின்ற பிரெஞ்சுத் துணைப்படையினர் அவரைச் சிறையிலிருந்து வெளியே அழைத்துப் போய்க் கொன்றுவிட்டார்கள்.

ரொட்டிக்கே ரேஷன் இருந்த நாட்டில் திரைப்பட விழா எதற்கு? – சென்னை

அன்று பிரான்சிலும் இதைக் கேட்டிருப்பார்கள். ரொட்டி ரேஷன் 1949 வரை நீடித்தது. ஆனால் 1946 மே மாதம் அமெரிக்காவோடு பிரான்ஸ் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. கடன் தள்ளுபடிக்கும் புதுக் கடனுக்கும் ஈடாக, அமெரிக்கப் படங்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். 13 வாரங்களில் 4 வாரம் மட்டும் தியேட்டர்களைச் சொந்தப் படங்களுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். இப்படிக் கை கட்டப்பட்ட நேரத்தில், உலக சினிமா கூடும் வாசல் எங்களுடையது என்று காட்டுவது வீண் ஆடம்பரம் ஆகாது. ஆடம்பரமும் இருந்தது, மறுக்கவில்லை. தொடக்க நாளில் அமெரிக்கப் பாடகி கிரேஸ் மூர் பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடினார். நான்கே மாதத்தில், 1947 ஜனவரியில், கோபன்ஹேகனில் விமான விபத்தில் இறந்துபோனார்.

ஹிட்ச்காக் படத்தையே ரீல் மாற்றி ஓட்டினார்களாமே? நம்பவே முடியவில்லை. – மதுரை

‘நொட்டோரியஸ்’ படத்தின் ரீல்கள் வரிசை மாறி ஓடியது உண்மை. நீங்கள் புரொஜெக்டர் கேபினில் நின்றதில்லை போலிருக்கிறது. நான் நின்றிருக்கிறேன், எங்கள் திரைப்படச் சங்கத்துக்குப் பல வருடம் நான்தான் ஆபரேட்டர். இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று ஓட ஏறக்குறைய 22 நிமிடம். அந்த 22 நிமிடத்துக்குள் அடுத்த ரீலை டப்பாவிலிருந்து எடுத்து, ஆரம்ப முனை வெளியே வருகிறதா என்று பார்த்து, இரண்டாவது இயந்திரத்தில் கோத்துவைக்க வேண்டும். டப்பாவின் மேல் ஓர் எண், ரீலின் முனையில் ஓர் எண். இரண்டும் ஒத்துப்போகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். முன்பு ஓட்டியவர் அவசரத்தில் மூடியை மாற்றி மூடியிருப்பார்.

ஒருமுறை ஒரு செக் படத்தில் நான்காவது ரீலை மூன்றாவதாக ஓட்டிவிட்டேன். இறந்துபோனவர் வந்து காப்பி குடித்தார். முன்வரிசையில் இருந்த ஒருவர் இடைவேளையில் என்னிடம் வந்து, கதை சொல்லும் உத்தி பிரமாதம் என்று பாராட்டினார். நான் வாய் திறக்கவில்லை.

1946இல் படம் காட்டிய இடம் கேன்ஸ் நகராட்சி சூதாட்ட விடுதி, விழாவுக்கென்று கட்டப்பட்ட அரங்கம் அல்ல. அங்கே ரீல் மாறியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த விழாவில் ‘நொட்டோரியஸ்’ ஒரு பரிசும் வாங்கவில்லை; அதற்கு ரீல்தான் காரணம் என்று மட்டும் கதை கட்டிவிடாதீர்கள். ஹாலிவுட்டின் ‘கில்டா’வும்கூட வெறுங்கையோடுதான் போனது.

நீச்சா நகரின் கதை என்ன? இந்தியாவில் அது ஓடியதா? – யாழ்ப்பாணம்

‘நீச்சா நகர்’ என்றால் தாழ்ந்த நகரம், பள்ளத்து ஊர். மேட்டில் சர்க்கார் என்ற பணக்காரர், பள்ளத்தில் ஏழைகள். சதுப்பு நிலத்தை வளைத்து வீடு கட்டி விற்க நினைக்கும் சர்க்கார், அதற்காகச் சாக்கடையைத் திருப்பி ஏழைகளின் ஊருக்கு நடுவே விடுகிறார். நோய் பரவுகிறது. அவரே அங்கே ஒரு மருத்துவமனையும் திறக்கிறார். படத்தில் என்னை உலுக்கியது இந்த இடம்தான். சாக்கடை விட்ட கை கொடுக்கும் மருந்து வேண்டாம் என்று ரூபா என்ற பெண் மறுத்து, செத்தே போகிறாள். பெரிய வசனம் பேசிச் சாகவில்லை. ஒத்துழையாமை என்ற சொல்லை ஒரு நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுவந்த காட்சி அது.

கதை ஹயாத்துல்லா அன்சாரியுடையது, திரைக்கதையில் கே. ஏ. அப்பாஸின் கையும் உண்டு. தூண்டுதல் மாக்சிம் கோர்க்கியின் ‘அடித்தளம்’ நாடகம். ரூபாவாக வந்தவர் உமா என்ற புதுமுகம். இயக்குநரின் மனைவி பெயரும் உமா, அவரும் அதே படத்தில் நடித்தார். ஆகவே புதுமுகத்துக்குக் காமினி கௌஷல் என்று புதுப்பெயர் வைத்தார்கள். சிதார் கலைஞர் ரவிசங்கர் படத்துக்கு இசையமைக்க வந்த தொடக்க காலமும் இதுதான்.

காலத்தையும் கவனியுங்கள். நேரு தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது 1946 செப்டம்பர் 2. பதினெட்டு நாள் கழித்து கேன்ஸ் விழா. விடுதலைக்கு இன்னும் பதினொரு மாதம் பாக்கி. ஆனாலும் பரிசுப் பட்டியலில் இந்தியா பிரிட்டனுக்குள் அடங்காமல் தனி நாடாக நின்றது.

ஓடியதா என்றால், இல்லை. முறையான தியேட்டர் வெளியீடு இங்கே அதற்குக் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் முதன்முதலில் பார்த்தது 1980களில் தூர்தர்ஷனில்.

இதில் தமிழ்நாட்டுக்குத் தொடர்பு ஏதாவது உண்டா? – சேலம்

1946 விழாவில் இல்லை. இழுத்து ஒட்டவைக்க வேண்டாம். பக்கவாட்டில் ஒன்று சொல்லலாம். ‘நீச்சா நகரில்’ நடித்த ஸோரா சேகலும், இசையமைத்த ரவிசங்கரும் உதயசங்கரின் நடனக் குழுவில் வளர்ந்தவர்கள். அந்த உதயசங்கர் தன் ஒரே படமான ‘கல்பனா’வை எடுத்தது சென்னை ஜெமினி ஸ்டுடியோவில், ஒளிப்பதிவு நம் கே. ராம்நாத். 1948இல் வந்த அந்தப் படத்தைப் பழுதுபார்த்து, 2012இல் கேன்ஸில் திரையிட்டார்கள்.

அந்த பதினொன்றில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருந்தால்? – பெங்களூரு

‘ரோம், திறந்த நகரம்’. கிடைத்த துண்டு ஃபிலிமை ஒட்டி எடுத்த படம் என்பது திரையிலேயே தெரியும். லாரிக்குப் பின்னால் ஓடும் அன்னா மாக்னானியைப் பாருங்கள். ஒரு மாலை கூடுதலாகக் கிடைத்தால் ‘பிரீஃப் என்கவுன்டர்’. சோவியத் படத்தைப் பார்க்கச் சொல்லி உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன்.

1946இல் படம் காட்டிய அந்தக் கட்டடம் இப்போது இருக்கிறதா? – புதுச்சேரி

இல்லை. சூதாட்ட விடுதியை 1979இல் இடித்துவிட்டார்கள். அதே இடத்தில்தான் இன்றைய விழா அரங்கம் நிற்கிறது. சிவப்புக் கம்பளம் விரித்த படிக்கட்டு என்று ஒவ்வொரு மே மாதமும் படம் போடுகிறார்களே, அது.