'வடமாநில வாலிபர்' என்ற இரண்டு சொல்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் திருப்பூர். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி நம் செய்திகளும் மேடைகளும் எப்படிப் பேசுகின்றன என்பதுதான் என் ஆய்வேடு. அதைச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியர்: திருடியவன் வடமாநிலத்துக்காரன் என்றால் அப்படித்தானே எழுத முடியும்? உண்மையை எழுதினால் அது எப்படி ஒருதலைப்பட்சம் ஆகும்?

சார், நானும் இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. செல்போன் பறித்தவர் உள்ளூர்க்காரர் என்றால் 'செல்போன் பறித்த வாலிபர் கைது'. வெளியூர்க்காரர் என்றால் 'வடமாநில வாலிபர் கைது'. இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் முதல் தலைப்பில் குற்றம் ஓர் ஆளோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் அது ஒரு கூட்டத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த நாள் டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கு அந்த வாலிபரின் முகம் நினைவிருக்காது, 'வடமாநிலம்' மட்டும் நினைவிருக்கும்.

இத்தனைக்கும் வடமாநிலம் என்று ஒரு மாநிலமே கிடையாது. ஒடிசாக்காரர் பேசுவது ஒடியா. ஜார்க்கண்டிலிருந்து வரும் பழங்குடிப் பெண் வீட்டில் சந்தாலி பேசுபவராக இருக்கலாம். அசாமிலிருந்து வருபவரின் ஊர் நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். விபத்தில் இறந்தாலும் 'வடமாநிலத் தொழிலாளி பலி'தான். பெயர் நாலாம் வரியில் வரும், பல நேரம் பிழையோடு.

ஊரைச் சொல்ல வேண்டிய இடமும் உண்டு. தனிப்படை ஒருவரைத் தேடி ஒடிசாவுக்குப் போனால் ஒடிசா என்று எழுதத்தான் வேண்டும். நான் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றுதான்: இதே குற்றத்தை நம் ஆள் செய்திருந்தால் 'தமிழ் வாலிபர் கைது' என்று தலைப்பு வந்திருக்குமா?

ஒரு கல்லூரி மாணவி: அக்கா, 2023-ல் பரவிய வீடியோக்களைப் பற்றிச் சொல்லுங்கள். அப்போது நான் பள்ளியில் இருந்தேன்.

அந்த மூன்று மாதங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது தங்கச்சி. ஜனவரியில் எங்கள் திருப்பூரிலிருந்து ஒரு வீடியோ. வெளிமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக உள்ளூர்க்காரர்களைத் துரத்துகிறார்கள். 'தமிழனை அடிக்கும் வடக்கன்' என்று பரவியது. போலீஸ் விசாரித்தபோது, கடை வாசலில் சிகரெட் புகையால் வந்த வாய்த்தகராறு அது என்று தெரிந்தது. பிப்ரவரியில் ஓடும் ரயிலில் வெளிமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் திட்டி அடிக்கும் வீடியோ வந்தது. அது நிஜம். ரயில்வே போலீஸ் வழக்குப் போட்டது. இதை விட்டுவிட்டு 'இங்கே எதுவுமே நடக்கவில்லை' என்று நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் தொடக்கத்தில் கதை தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பறந்தன. அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு இரண்டு வீடியோக்களைப் பற்றி விளக்கம் கொடுத்தார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. அதற்குள் பீகார் சட்டமன்றத்தில் பெரும் அமளி. அந்த அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பிவைத்தது.

அந்த வருஷம் மார்ச் 8-ல் ஹோலி. வருஷா வருஷம் அதற்கு ஊருக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் படம்பிடித்து 'உயிர் தப்பி ஓடுகிறார்கள்' என்று காட்டினார்கள். அப்பா கம்பெனியில் ஒரு டெய்லர், பீகார்ப் பையன், போனை நீட்டி அப்பாவிடம் காட்டினானாம். வீடியோ இல்லை, அவன் அம்மாவிடமிருந்து வந்த பதினேழு மிஸ்டு கால். 'இங்கே ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்லுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்' என்றிருக்கிறான். அப்பாவுக்கு இந்தி தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. போனில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் ஊருக்குப் போகவில்லை.

மும்பையில் வளர்ந்த ஒருவர்: நாங்கள் பட்டதை இன்று தமிழர்கள் மறந்துவிட்டார்களா?

பலருக்குத் தெரியவே தெரியாது ஐயா. 1966-ல் சிவசேனா தொடங்குவதற்கு முன்பிருந்தே பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ் பம்பாய் நிறுவனங்களில் வேலை செய்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டது. வேறெதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை, பெயர்கள் போதும். படிப்பவரே மீதியை முடித்துக்கொள்வார். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லோரும் அங்கே ஒரே 'மதராசி'. கட்டியிருந்த லுங்கியே வசைச்சொல் ஆனது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. 'வடக்கன்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 'மதராசி'தான் காதில் விழுகிறது.

ஒரு வாசகர்: 'ஸ்டீரியோடைப்' என்பதற்குத் தமிழில் என்ன?

'முத்திரை குத்துவது' என்று நம் ஊரில் சொல்வதே எனக்குப் பிடிக்கும். மூலச் சொல்லும் அச்சகத்திலிருந்து வந்ததுதான். ஒருமுறை கோத்த எழுத்துகளை உலோகத் தகடாக வார்த்து, அதையே வைத்து மறுபடி மறுபடி அடிப்பார்கள். வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1922-ல் அதை மனதில் பதிந்துபோன படங்களுக்குப் பயன்படுத்தினார்.

மதுரையிலிருந்து ஓர் அண்ணன்: 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று முழங்கிய மண் இது. அதுவும் நீ சொல்லும் வகைதானே?

இதற்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்தேன் அண்ணா, ஏனென்றால் அந்த முழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஐந்தாண்டுத் திட்டப் பணமும் தொழிற்சாலைகளும் எங்கே போகின்றன என்று டெல்லியைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அதிகாரத்தில் இருப்பவரிடம் கணக்குக் கேட்பது வேறு, மூட்டை தூக்க வந்தவரை முறைப்பது வேறு. அறிஞர் அண்ணாவுக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்திருந்தது. 1962-ல் மாநிலங்களவையில் தன் முதல் உரையில் தன்னைத் திராவிடன் என்று பெருமையோடு சொன்னவர், அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ தான் எதிரி இல்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

ஆனால் முழக்கத்துக்குள் அந்த இரண்டாவது வாக்கியம் இல்லை. எதுகை மோனையோடு நாக்கில் நிற்பது முதல் பாதி மட்டும்தான். 'வடக்கு' என்றால் அன்று ஆட்சி பீடம். இன்று பேருந்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் பையன். சொல் மாறவில்லை, குறி மாறிவிட்டது. மேடையில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த மாற்றத்தைத் தெரிந்தே பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து.

ஒரு நாளிதழ்த் துணையாசிரியர்: ராத்திரி பதினோரு மணிக்கு எடிஷன் முடிக்கணும்மா. போலீஸ் தரும் பிரஸ் நோட்டிலேயே 'வடமாநில' என்றுதான் வருகிறது. நாங்கள் யாரையும் வெறுக்கவில்லை.

நம்புகிறேன் சார். 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது வந்த இரண்டு படங்களை வகுப்பில் காட்டினார்கள். மார்பளவுத் தண்ணீரில் பொருளோடு நடக்கும் கறுப்பின இளைஞர், கீழே 'கொள்ளையடித்த பின்' என்று குறிப்பு. அதே மாதிரி நடக்கும் வெள்ளையர் இருவர், அவர்களுக்குக் கடையிலிருந்து ரொட்டி 'கிடைத்தது' என்று குறிப்பு. இரண்டும் வெவ்வேறு செய்தி நிறுவனங்கள், வெவ்வேறு ஆட்கள். தாங்கள் கண்டதைத்தான் எழுதினோம் என்று இரண்டு தரப்பும் விளக்கம் சொன்னது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் நாடே அதிர்ந்தது. வெறுப்பு இல்லாதவர் கையிலிருந்தும் இது நடக்கும் என்பதற்காகவே சொல்கிறேன். பிரஸ் கவுன்சில் நெறிகள் இழிவு தரும் இடத்தில் சாதி அடையாளத்தைத் தவிர்க்கச் சொல்கின்றன. சாதிக்குக் காட்டும் அந்தக் கவனத்தை மாநிலத்துக்கும் காட்டலாம். 'வடமாநில' என்பதை அடித்துவிட்டுப் பெயரைப் போட ஒரு நிமிஷம்தான் ஆகும் சார்.

திருப்பூர் டெய்லர் ஒருவர்: எங்க பீஸ் ரேட்டை இவங்க வந்துதான் குறைச்சாங்க. அதைச் சொன்னா வெறுப்புன்னு சொல்லுவீங்களா?

சொல்ல மாட்டேன் அண்ணா. எங்கள் வீட்டுச் சாப்பாடும் அதே ரேட்டில்தான் வந்தது. ஆனால் ரேட்டைப் பேசி முடிப்பது கான்ட்ராக்டர். குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவந்து, மிச்சத்தை எடுத்துக்கொள்பவரும் அவர்தான். 1979-ல் வந்த மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒரே மாதிரி வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுக்கக்கூடாது என்றது. அது நடந்திருந்தால் உங்களைத் தள்ளிவிட்டு அவர்களை எடுக்க முதலாளிக்குக் காரணமே இருந்திருக்காது. நான் புரட்டிய கட்டுகளில் 'வடமாநில வாலிபர் கைது' பக்கத்துக்குப் பக்கம் கிடைத்தது. இந்தச் சட்டம் என்ன ஆனது என்று கேட்கும் செய்தியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அப்பாவும் உங்களைப் போலத்தான் கோபப்படுவார். இன்னும் 'இந்திக்காரப் பசங்க' என்றுதான் சொல்வார். போன தீபாவளிக்கு போனஸ் கேட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபோது அவரோடு இருந்த ஆறு பேரில் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள்.