கடல் இல்லாத ஊரிலிருந்து கடல் அறிவியலுக்கு

கேள்வி: என் மகள் வேலூரில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, எம்.எஸ்சி. கடல்சார் உயிரியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் கைத்தறி நெசவாளன். கடலே இல்லாத மாவட்டத்தில் பிறந்த பெண்ணுக்கு இந்தப் படிப்பால் என்ன வேலை கிடைக்கும் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
- வாசகர், குடியாத்தம்

பதில்: ஊரில் கடல் இல்லாதது தடையே அல்ல, பரங்கிப்பேட்டையில் என்னோடு படித்தவர்களில் பலர் உள்மாவட்டத்துக்காரர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் உயிரியல் மையம் அங்கே வெள்ளாற்று முகத்துவாரத்தின் அருகில் இருக்கிறது. நெசவாளரான உங்களுக்கு அந்தப் படிப்பின் அன்றாடத்தை எளிதில் விளக்கிவிடலாம். கண் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும்படி நெய்த வலையைத் தோணியிலிருந்து நீரில் இழுத்து, அகப்பட்டதை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் இட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, அதில் ஒரு மில்லிலிட்டரைக் கண்ணாடித் தட்டில் விட்டு, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளை நுண்ணோக்கியில் இனம் பிரித்து எண்ண வேண்டும். மணிக்கணக்கில் கழுத்து வலிக்கும். இதைக் கேட்டும் உங்கள் மகளின் முகம் மலர்ந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

வேலை என்று பார்த்தால், ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவர் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை உயிரறிவியல் பிரிவில் எழுத வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், மீனவர்களுக்கு மீன் கிடைக்கும் இடங்களை முன்னறிவிக்கும் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் ஆகியவற்றில் திட்டப் பணியாளர்களை அவ்வப்போது எடுக்கிறார்கள். இவை திட்டம் முடிந்ததும் முடிந்துவிடும் தற்காலிகப் பணிகள். நிரந்தர வேலைக்குச் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும் என்பதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு மனம் வரவில்லை.

தனியார் துறையில் மரக்காணம் பகுதி இறால் குஞ்சுப் பொரிப்பகங்களும், துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் போன்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்களும் ஆளெடுக்கின்றன. அங்கே பட்டத்தின் பெயரைவிட, இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸை அதன் மரபணுவைக் கொண்டு கண்டறியும் பி.சி.ஆர். சோதனை தெரியுமா, உயிரிகளை இனம் காணத் தெரியுமா, புள்ளியியல் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். இவற்றில் ஒன்றையாவது படிக்கும்போதே கைவசமாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று: மீன்வள அறிவியல் என்பது பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் படிக்கும் தனிப் பட்டம். அதையும் கடல்சார் உயிரியலையும் ஒன்றாக எண்ணி அரசுப் பணிக்கு விண்ணப்பித்து ஏமாந்தவர்களை நான் அறிவேன்; அறிவிக்கையில் எந்தப் பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் நான் கடல் துறைக்குப் போக முடியுமா?
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: தாராளமாகப் போகலாம். கடல் அறிவியலில் உயிரியலைத் தவிர இயற்பியல், வேதியியல், நிலவியல் என்னும் பிரிவுகளும் உண்டு. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கடல் வேதியியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. நெட் தேர்விலும் புவி, வளிமண்டல, கடல் அறிவியலுக்கென ஒரு தாள் உண்டு. முகத்துவாரச் சேற்றில் குரோமியம் எவ்வளவு என்று அளக்கும் அதே கருவிதான், தோல் பதனிடும் தொழிலால் உங்கள் ஊர் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்துள்ள குரோமியத்தையும் அளக்கிறது. பாலாறு வயலூர் அருகே கடலில் கலக்கும் இடம்வரை ஆற்று மணலையும் நீரையும் சோதிக்கத் தெரிந்தவருக்குக் கடற்கரை ஊர்களில் மட்டுமல்லாமல், உங்கள் ஊர்ப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்து ஆய்வகத்திலும் வேலைக்கு வழி உண்டு.